சொல்லாத பல்லி

எங்கள் வீட்டில் கடைசி வார்த்தை பல்லியுடையது. அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அம்மா ஒன்றைச் சொல்லி வாய் மூடுவதற்குள் சுவரில் எங்கேயாவது 'ச்ச் ச்ச் ச்ச்' என்று கேட்டுவிட்டால், நடுவிரலை மடக்கிப் பக்கத்தில் இருக்கிற மேசையிலோ கதிரையிலோ தட்டுவார். "பல்லியும் சொல்லுது" என்பார். அத்தோடு அது சட்டமாகிவிடும். கிணற்றடி மாமரத்தை வெட்டாமல் காப்பாற்றியது பல்லி. எனக்கு வவுனியாவில் வேலை கிடைத்தபோது, பெண்பிள்ளை தனியாகப் போய் இருப்பதா என்று சொந்தம் முழுக்கக் கேட்க, "போகட்டும், அவள் சமாளிப்பாள்" என்று அம்மா சொன்னதை உறுதிப்படுத்தியதும் பல்லிதான். அன்றைக்கு அது சொன்னதை நான் கேட்கவில்லை. பெட்டி அடுக்குகிற அவசரத்தில் காதில் விழவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

என் பெயர் சிவகௌரி. வயது முப்பத்தாறு. இப்போது வவுனியா வேலையை விட்டு ஊரோடு வந்து, மருதனார்மடச் சந்தியில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்கு நிற்கிறேன். வீடு உடுவிலில். அப்பா இல்லை. நானும் அம்மாவும்தான். அம்மாவின் பெயர் மகாதேவி. என் சாதகத்தில் செவ்வாய் இருக்கக் கூடாத இடத்தில் குந்திக்கொண்டிருப்பதால், அதைக் கையில் எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை தேடி அவர் ஏறாத படியில்லை. பிறகு களைத்துப்போய் அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

வீட்டில் மூன்றாவது ஆள் பொட்டு. வவுனியாவில் என்னோடு ஒரே அறையில் இருந்த நிரோஜா வெளிநாடு போகும்போது, தன் வளர்ப்புப் பல்லியைக் கண்ணாடிப் பெட்டியோடு என் தலையில் கட்டிவிட்டுப் போனாள். சிறுத்தைப் பல்லி என்று சொல்வார்கள். மஞ்சள் உடம்பு முழுக்கக் கறுப்புப் புள்ளி, அதனால்தான் அந்தப் பெயர். சுவரில் ஏறாது. மனிசரைப் போலக் கண்ணை இமைக்கும். என்னிடம் வந்து இத்தனை காலத்தில் வாய் திறந்து ஒரு சத்தம் போட்டதில்லை. பெட்டிக்குள் மண்ணும் மணலும் கலந்து பரப்பி, சின்னக் கற்றாழைகளும் பத்துமணிப்பூவும் நட்டு, உடைந்த ஓட்டுத் துண்டு ஒன்றை அதற்கு வீடாக வைத்திருந்தேன். மண்ணுக்குள் கழிவைத் தின்று வாழ்கிற பொடிப் பூச்சிகள் இருந்தன. அவை குடியிருப்பாளர்கள். மேலே துள்ளித் திரிகிற சில்வண்டுகள் சாப்பாடு.

அம்மாவுக்குப் பொட்டைப் பிடிக்கவில்லை. "பல்லி எண்டால் சொல்லவேணும். உது என்ன ஊமைப் பல்லி" என்பார். சில்வண்டுகளைப் போடுமுன் கல்சியத் தூளில் பிரட்ட வேண்டும், இல்லாவிட்டால் பல்லிக்கு எலும்பு வளைந்துவிடும். வெள்ளைத் தூளில் புரண்டெழும்பும் பூச்சிகளைப் பார்த்துவிட்டு, "சாகப்போற சீவனுக்கு விபூதி பூசியே அனுப்புறாய்?" என்று கேட்டார். செவ்வாயும் வெள்ளியும் பூச்சி போடக் கூடாது என்று ஒரு சட்டமும் வந்தது. வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் காய்ச்சாத நாளில் பல்லிக்கு மட்டும் என்ன மச்சம்? பொட்டு அந்த இரண்டு நாளும் விரதம் பிடித்தது. அதனால் அதற்கு ஒரு கேடும் வரவில்லை. வளர்ந்த சிறுத்தைப் பல்லிக்குத் தினமும் தீன் வேண்டியதில்லை. ஆனால் அம்மாவின் கணக்கில் அது முருகனின் கிருபை.

சில்வண்டுக்கு நான் எங்கே போவேன்? விசாரித்து விசாரித்துப் போனதில் குருநகரில் கிறிஸ்ரி அகப்பட்டான். வள்ளங்களின் இயந்திரம் திருத்துவது அவன் தொழில். வீட்டின் பின்னறையில் பெட்டி பெட்டியாகச் சில்வண்டு வளர்த்து, குருவி வளர்ப்பவர்களுக்கும் மீன்தொட்டிக் கடைகளுக்கும் கொடுத்துவந்தான். முட்டை மட்டைகளுக்கு நடுவே ஆயிரக்கணக்கில் அவை கத்துகிற சத்தத்தில், நாங்கள் இருவரும் முதல் நாளே சண்டைக்காரர் மாதிரிக் கத்தித்தான் கதைத்தோம்.

"போடுறதெல்லாத்தையும் உங்கடை பல்லி தின்னுதோ, மிச்சம் விடுதோ?"

"நான் பாக்கேல்லை."

"பாக்கோணும். மிச்சத்தை எடுத்துப்போடுங்கோ. பசிச்ச சில்வண்டு சும்மா இராது. முதல் செடியைத் தின்னும், பிறகு பல்லியைக் கடிக்கும். எடுக்க ஏலாட்டில் ஒரு கரட் துண்டாவது போட்டு விடுங்கோ."

எனக்குக் கோபம் வந்தது. பூச்சி தருகிறவன் தந்தால் போதும், எதற்குக் கேள்வி? அடுத்த கிழமை அவனுக்குப் பதில் சொல்லத்தான் போகிறேன் என்று என்னையே ஏய்த்துக்கொண்டு போனேன். அதற்கடுத்த கிழமை போவதற்கு ஒரு சாட்டும் தேவைப்படவில்லை. வருஷம் ஒன்று போவதற்குள் எங்களுக்குள் 'நீங்கள்' நெருங்கி 'நீர்' ஆகிவிட்டது.

அந்தக் காலத்தில்தான் பொட்டின் பெட்டி மூடி உடைந்தது. கிறிஸ்ரி அதைக் கொண்டுபோய், சட்டத்தில் கூனி இறால் பிடிக்கிற சின்னக்கண் வலையை இழுத்துக் கட்டித் தந்தான். கடற்கரைக்காரருக்கு வலை எல்லாவற்றுக்கும் மருந்து. குருவிக்கூடு, கோழிக்கூடு, கிணறு எல்லாவற்றையும் அவர்கள் வலையால்தான் மூடுவார்கள். "இதுக்குள்ளாலை காத்துத்தான் போகும்" என்றான். நானும் நம்பினேன்.

ஒருநாள் பொழுதுபட்டு, அம்மா விளக்கு வைத்துவிட்டு வந்து விறாந்தைக் கதிரையில் இருந்தபோது, இனியும் ஒளிக்க முடியாது என்று சொல்லிவிட்டேன்.

"அம்மா, நான் கிறிஸ்ரியைக் கட்டப்போறன்."

"ஆர், உனக்குப் பூச்சி குடுக்கிற பெடியனோ?"

"ஓம்."

"வேதக்காரர் எல்லே? சேர்ச்சுக்குப் போறவை."

"ஓம்."

அம்மா முந்தானையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். பிறகு, "அது சரிவராது, பிள்ளை" என்றார்.

'ச்ச் ச்ச் ச்ச்.' சந்நிதி முருகன் படத்துக்குப் பின்னாலிருந்து கேட்டது. இந்த முறை எனக்கும் நன்றாகவே கேட்டது. அம்மா கதிரைக் கைப்பிடியில் தட்டினார். "பல்லியும் சொல்லுது" என்றார். எழும்பி, இரவுச் சமையலுக்குக் குசினிக்குப் போய்விட்டார்.

அத்தோடு அந்தக் கதை மூடப்பட்டது. நான் அழுதேன், சாப்பிடாமல் கிடந்தேன், சட்டி பானையை உருட்டினேன். ஒன்றுக்கும் அம்மா அசையவில்லை. "நானே வேண்டாமெண்டனான்? பல்லியெல்லோ சொன்னது" என்று பழியைச் சுவரில் போட்டுவிட்டு மரக்கறி வெட்டினார். முப்பத்தாறு வயதுப் பெண், பதிவு செய்துகொண்டு போக வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். போகலாம். ஆனால் நான் படி இறங்கினால் இந்த வீட்டில் அம்மாவும் பல்லிகளும்தான் மிச்சம். அம்மா ஓம் சொல்லாமல் போக எனக்குக் கால் வராது, கிறிஸ்ரி இல்லாமல் இருக்க மனம் வராது. இரண்டுக்கும் நடுவே, விரலளவு ஒரு பல்லி என் வாழ்க்கைக்குக் குறுக்கே படுத்துவிட்டதே என்ற ஆத்திரத்தில் வீடு கூட்டுகிற தும்புத்தடியைத் தூக்கிக்கொண்டு முருகன் படத்தடிக்குப் போனேன்.

"சொல்லாத பல்லிக்குத் தீன், சொல்லுற பல்லிக்குத் தும்புத்தடியோ?" என்றார் அம்மா பின்னாலிருந்து. தடியை வைத்துவிட்டேன்.

சில கிழமைகளில் பெட்டிக்குள் பத்துமணிப்பூ மொட்டையாயிற்று. கொழுந்தெல்லாம் கடிபட்டுக் கிடந்தது. பொட்டு தோல் உரிக்கிற நேரம் அது. உரியும்போது அது மந்தமாகத்தான் கிடக்கும், சாப்பிடாது. வாலைப் பார்த்தேன். அடியில் சின்னச் சின்னக் காயங்கள். கிறிஸ்ரி முதல் நாள் சொன்னது அப்படியே நடந்திருந்தது. கல்யாணக் கவலையில் நான்தான் மிச்சப் பூச்சியை எடுக்காமல் விட்டிருந்தேன். அதன் வாலுக்கு மருந்து பூசும்போது எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

மிச்சத்தைப் பிடிக்கலாமென்று ஓட்டுத் துண்டைத் தூக்கினேன். இரண்டே இரண்டுதான் இருந்தன. நான் போட்டதற்கும் பொட்டு தின்றதற்கும் இது காணாது, கணக்கு இடித்தது. மூடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மூலையில் வலையைக் கடித்துக் கடித்து, ஒரு சில்வண்டு நிமிர்ந்த நடையில் போகக்கூடிய அளவுக்கு அவை வாசல் திறந்திருந்தன. இறால் நைலோனைக் கடிக்காது. சில்வண்டு கடிக்கும்.

அவை போன வழியைத் தேடினேன். அலுமாரிக்குப் பின்னால் கால்கள், செட்டைகள். முருகன் படத்தை மெதுவாக விலக்கினேன். நான்கு பல்லிகள். ஒவ்வொன்றும் தீபாவளிக்கு மாமியார் வீட்டுக்கு வந்துபோன மருமகன் மாதிரிக் கொழுத்துப்போய் இருந்தது. முன்பு அந்தச் சுவரில் ஒன்றுதான் இருந்தது, அதுவும் வத்தல். பல்லி எப்போது சத்தம் போடும்? இடத்துக்கும் இரைக்கும் சண்டை பிடிக்கும்போது போடும். அன்று விளக்கு வைத்த நேரத்தில் படத்துக்குப் பின்னால் நடந்தது சாப்பாட்டுச் சண்டை. அந்தச் சாப்பாட்டை அனுப்பிவைத்தது நான். வழி திறந்துவிட்டது கிறிஸ்ரியின் வலை. மாப்பிள்ளை தன் வலையாலேயே தன் கல்யாணத்தை மறித்திருக்கிறான்!

ஓடிப்போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். ஓட்டையையும் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டு அதை வடிவாகப் பார்த்தார்.

"சாப்பாட்டுக்குச் சண்டை பிடிச்சுத்தானே அம்மா கத்தினது. உங்களுக்குப் பலன் சொல்லவே கத்தினது?"

"அது எதுக்குக் கத்தினாலென்ன? நான் சொல்லி முடிக்கேக்கை கத்தினது. நீதவான் சாப்பிட்டிட்டு வந்து தீர்ப்புச் சொன்னால் தீர்ப்பு இல்லையெண்டு ஆகுமோ?"

அறைக்குள் போய்க் கிறிஸ்ரிக்குப் போன் எடுத்தேன். அவன் முதலில் பொட்டின் வாலைப் பற்றித்தான் கேட்டான். பிறகு வலையைப் பற்றிச் சொன்னேன்.

"என்ரை பிழைதான், கௌரி. கம்பிவலை அடிச்சிருக்கோணும்."

"பிழையைத் திருத்த ஒரு வழி இருக்குது" என்றேன். அந்த நேரத்தில் என் மூளை குறுக்கே ஓடத் தொடங்கியிருந்தது. இப்போதே சில்வண்டு வரத்தை நிறுத்தினால் அந்த நான்கும் பட்டினியில் காயும். காய்ந்திருக்கிற நேரம் பார்த்து ஒன்றிரண்டு சில்வண்டை விட்டால் கட்டாயம் அடிபடும், கட்டாயம் கத்தும். அந்த நேரம் சொல்ல வேண்டியதை நான் சொல்லிவிட்டால் தீர்ப்பு எங்கள் பக்கம்.

"பல்லிக்கு லஞ்சம் குடுத்தோ நான் பொம்பிளை எடுக்கிறது?"

"லஞ்சமில்லை. இவ்வளவு நாளும் உம்முடைய வலையாலை எதிராளிக்குப் போனதை நிப்பாட்டுறன்."

"நீர் பல்லியைப் பாரும். நான் வந்து அம்மாட்டைக் கேக்கிறன்" என்றான் கிறிஸ்ரி.

மூடி மாற்ற ஆள் வர வேணும் என்று அம்மாவிடம் சொன்னேன். யார் என்று அவர் கேட்கவில்லை. "மூடி போட வாற ஆளை வேண்டாமெண்டு சொல்ல நான் ஆர்?" என்றார்.

அதுவரைக்கும் ஓட்டையை ஒட்டி அடைத்தேன். முட்டை மட்டைத் துண்டுக்குள் கரட் வைத்து, வீடு முழுக்கத் திரிந்த மிச்சத்தையும் பிடித்தேன். பொட்டுக்கு உயரமான கோப்பை ஒன்றில் பூச்சியை வைத்து, தின்கிறதா என்று பக்கத்தில் இருந்து பார்த்து, மிச்சத்தை எடுத்தேன். முதலிலிருந்தே இப்படிச் செய்திருந்தால் இந்த வழக்கே வந்திராது. முருகன் படத்துக்குப் பின்னால் நான்கும் நாளுக்கு நாள் வாடி வந்தன. எனக்கு ஒரு இரக்கமும் வரவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து, பின்னேரம் கிறிஸ்ரி வந்தான். கம்பிவலை அடித்த புது மூடி ஒரு கையில், இதரை வாழைப்பழச் சீப்பு மறு கையில். குருநகரான் மீனோடு வருவான் என்று அம்மா எதிர்பார்த்திருக்க வேண்டும். சீப்பை வாங்கி, ஒரு பழத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, "இருங்கோ தம்பி" என்றார். மூடி அச்சொட்டாகப் பொருந்தியது. அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தார். மூன்று பேரும் இருந்தோம். முருகன் படம் அம்மாவின் தலைக்கு மேலே. என் கையில் நெருப்புப்பெட்டி, அதற்குள் மூன்று சில்வண்டு.

"அம்மா, நான் கௌரியைக் கேட்டு வந்தனான்" என்றான் கிறிஸ்ரி. சுற்றி வளைக்கவில்லை.

அம்மா அவனைப் பார்த்தார். "என்ரை பிள்ளையை மாத்துவீரோ?"

"இல்லை அம்மா. அவ தன்ரை கோயிலுக்குப் போகட்டும், நான் என்ரை கோயிலுக்குப் போறன்."

இதுதான் தருணம் என்று நான் நினைத்தேன். தண்ணீர் எடுப்பதுபோல எழும்பி, படத்தடியில் நின்று, நெருப்புப்பெட்டியைத் திறந்தேன். திட்டப்படி மூன்றும் சுவரில் ஏற வேண்டும். ஒன்று ஏறியது. படத்துக்குப் பின்னாலிருந்து வந்த பல்லி ஒரு சத்தமில்லாமல் அதை விழுங்கியது. மற்றொன்று ஜன்னலால் வெளியே போய்விட்டது. மூன்றாவது ஒரே துள்ளில் அம்மாவின் மடியில் போய் இருந்தது.

அம்மா அலறிக் குழறுவார் என்று பார்த்தேன். குழறவில்லை. உள்ளங்கையைக் குவித்துப் பதனமாகப் பொத்தினார். பொத்தின கையைக் கிறிஸ்ரியின் பக்கம் நீட்டினார்.

"உம்முடையதோ?"

அவன் எழும்பிப்போய், இரண்டு கையாலும் ஏந்தி வாங்கி, "ஓம் அம்மா" என்றான். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் அப்படியே பொத்திக்கொண்டு இருந்தான். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். என் கையில் வெறும் நெருப்புப்பெட்டி.

"ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, தான் விழுமாம் கழுநீர்ப் பானையிலை துள்ளி" என்றார். பல்லிக்கும் இல்லாமல் சில்வண்டுக்கும் இல்லாமல் அது எனக்குத்தான் சொன்னது என்று விளங்கிற்று. வெட்கத்தில் முகம் எரிந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அம்மா தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார். "கட்டினால் எங்கை இருப்பியள்?" என்று கேட்டார். கேள்வி அவனுக்கு. ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருந்தது கோப்பைக்குள்.

"நீங்கள் விட்டால் இஞ்சை அம்மா. சில்வண்டுப் பெட்டியளுக்கு மட்டும் ஒரு அறை வேணும். சத்தம் போடும், நீங்கள் பொறுக்கோணும்."

அம்மா கோப்பையை வைத்தார். திரும்பி, வீட்டின் உள்ளறைப் பக்கம் பார்த்தார். இத்தனை நாளும் சமயம், சாதகம், பல்லி என்று எல்லாவற்றோடும் நான் மல்லுக்கட்டினேன். அம்மா பயந்தது இந்த ஒரு கேள்விக்குத்தான். என்னைக் குருநகருக்குக் கொண்டுபோய்விடுவான் என்று அவருக்குப் பயம். அதை வாய் திறந்து சொல்ல மாட்டாமல் ஒரு பல்லியை முன்னால் விட்டுவிட்டு அதன் பின்னால் ஒளித்திருந்திருக்கிறார். என்னிடமே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அம்மா.

"இது கௌரியின்ரை வீடு, அவளுக்கு எழுதினது" என்றார் அம்மா. "பொம்பிளை வீட்டிலை மாப்பிளை வந்திருக்கிறது எங்கடை வழமைதான். புதுசில்லை." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "அப்ப ஒரு நல்ல நாளாப் பாருங்கோவன்."

நான் சுவரைப் பார்த்தேன். அந்தப் பல்லி படச் சட்டத்தின் விளிம்பில் இருந்தது. வாயில் இன்னும் ஒரு சில்வண்டுக் கால் நீட்டிக்கொண்டிருந்தது. சொல்லு, இப்போதாவது சொல்லு என்று மனதுக்குள் கெஞ்சினேன். அது காலையும் உள்ளே இழுத்து விழுங்கிவிட்டுப் பேசாமல் இருந்தது. பெட்டிக்குள் பொட்டு கண்ணை மூடித் திறந்தது. வீட்டில் ஒரு சத்தமில்லை.

அம்மா நடுவிரலை மடக்கிக் கதிரைக் கைப்பிடியில் தட்டினார்.

"பல்லியும் சொல்லுது" என்றார்.

"எனக்குக் கேக்கேல்லையே, அம்மா."

"உனக்கு எப்பதான் கேட்டது? வவுனியாவுக்குப் போகேக்கையும் கேக்கேல்லை."

அன்றைக்கும் இந்தச் சுவரில் ஒன்றும் கத்தியிருக்காது என்று அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. கிறிஸ்ரி பொத்தின கையைப் பிரிக்க முடியாமல், முழங்கையால் மேசையைத் தட்டினான்.

"எனக்குக் கேட்டது, அம்மா" என்றான்.